மடுவில் மூன்று அளவு மீன்

சூரங்கல், கிண்ணியா
11.3.1979

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு வாப்பா, உம்மா, உங்கள் மனைவி ராத்தா, மகள் லைலா, நான் எல்லோரும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். கொழும்புத் தண்ணீர் உங்களுக்கு ஒத்துக்கொள்கிறதா, இருமல் விட்டதா என்று ராத்தா கேட்கச் சொன்னா.

கையெழுத்து மாறியிருப்பதைப் பார்த்து யோசிப்பீர்கள். இதுவரை ராத்தாவுக்காகப் பள்ளிவாசல் லெப்பைதான் எழுதினார். அவர் முன்னால் சொல்ல வந்ததில் பாதியை ராத்தா விழுங்கிவிடுகிறா. இனி வெளியாள் வேண்டாம், நிஸாவே எழுதட்டும், வாற கடிதத்தையும் அவளே வாசித்துக் காட்டட்டும் என்று சொல்லிவிட்டா. பெரிய பிள்ளை ஆனதும் எட்டாம் வகுப்போடு என்னை நிறுத்தி இரண்டு வருடமாகிறது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நேரில் உங்களோடு ஒரு சொல் கதைக்காதவள் கடிதத்தில் என்ன கதைப்பது என்று தெரியாமல் இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன்.

மீனைப் பற்றி எழுதுவது சுலபமாக இருக்கிறது. போன மாதம் நீங்கள் பையில் கொண்டுவந்து, வாப்பா செங்கல் அறுத்த மடுவில் விட்ட திலாப்பியாக் குஞ்சுகளில் பதினொன்று செத்துவிட்டன. மற்றவை தவிடு போட்டால் மேலே வருகின்றன. காலையில் தவிடு, பின்னேரம் புண்ணாக்கு. நீங்கள் சொன்ன அளவுக்கு ஒரு பிடி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. லைலா மடுக்கரைக்கு ஓடிவந்து மண்ணை அள்ளி எறிகிறாள். அவளுக்குப் பயந்து வாப்பா சுற்றிவர ஓலை கட்டினார். கட்டும்போது, "கடலப் பக்கத்தில வச்சிக்கிட்டு மடுவுக்குள்ள மீன் வளக்கிற குடும்பம் எண்டு ஊரே சிரிக்கிது" என்றார். கோபமில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

எல்லோருடைய ஸலாமும்.

இப்படிக்கு,
நஜ்முன் நிஸா


கொழும்பு
25.3.1979

அன்பு மச்சி நஜ்முன் நிஸாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். கடிதம் கிடைத்தது. இருமல் விட்டுவிட்டது என்று உன் ராத்தாவிடம் சொல். லெப்பையின் கடிதங்களில் எல்லோரும் சுகமாக மட்டுமே இருப்பார்கள். உன் கடிதத்தில் பதினொரு மீன் செத்திருக்கிறது. இப்படியே எழுது.

எதற்காக இந்த மீன் என்று வாப்பாவுக்கு விளங்கப்படுத்து. ஆய்வுகூடத்தில் என் வேலை கண்ணாடிக் குழாய் கழுவுவதுதான். ஆனாலும் அங்கே ஆராய்ச்சி செய்யும் குணரத்தினம் ஐயா சொல்வதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். மீனில் உள்ள புரதம், வாப்பா அறுக்கும் கல்லைப்போலச் சின்னச் சின்னக் கற்களால் கட்டியதாம். அந்தக் கற்களுக்கு அமினோ அமிலம் என்று பெயர். ஏறக்குறைய இருபது வகை. சிலவற்றை நம் உடம்பே செய்துகொள்ளும். மற்றவற்றைச் சாப்பாடுதான் தர வேண்டும். அதில் ஒரு வகை குறைந்தாலும் சுவர் பாதியில் நின்றுவிடும். ஒரே குளத்தில், ஒரே தீனியில் வளர்ந்த சின்ன மீனிலும் பெரிய மீனிலும் இந்தக் கற்கள் ஒரே அளவில் இருக்கின்றனவா என்று ஐயா பார்க்கப்போகிறார். எங்கள் வீட்டில் மடு இருக்கிறது என்று நான்தான் முந்திக்கொண்டு சொன்னேன். ஐயா மனம் வைத்தால் என் வேலை நிரந்தரமாகும்.

மூன்று அளவு வேண்டும். விரல் நீளம், உள்ளங்கை நீளம், விரித்த கை நீளம். இப்போது விரல் நீள மீன் இருக்கும். இருபது பிடித்து, செதிள், குடல், முள் நீக்கிச் சதையை மட்டும் உப்புப் போடாமல் வெயிலில் காயவைத்து, இடித்து, அரித்து, டின்னில் அடைத்து அனுப்பு. மற்ற அளவுகள் வளர வளர அனுப்பலாம். எல்லாம் முடியும்வரை மடுவில் ஒரு மீனும் கறிக்கு எடுக்கக் கூடாது. எண்ணிக்கை பிசகினால் ஐயாவின் கணக்குப் பிழைத்துவிடும்.

லைலா மடுப்பக்கம் போகாமல் பார்த்துக்கொள். அவள் இப்போது என்னென்ன சொல் சொல்கிறாள்?

அன்புடன்,
மு. ஸுஹைர்


சூரங்கல்
6.5.1979

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் சுகத்துக்காக ஐந்து வேளையும் துஆக் கேட்கிறோம். வீட்டில் எல்லோரும் சுகம். ராத்தாவுக்கு மட்டும் கொஞ்ச நாளாகச் சோறு இறங்குவதில்லை. மீன் வாடை ஆகாது. புளி மாங்காய் கேட்கிறா. காய்ச்சல் ஒன்றும் இல்லை. பயப்பட வேண்டாம் என்று உம்மா எழுதச் சொன்னா. வேறு எழுத எனக்குத் தெரியவில்லை.

லைலாவைப் பால் மறக்கடித்தாயிற்று. முதல் நாலு நாள் ஒரே அழுகை. பிறகு அடங்கிவிட்டாள். இனி உன்னோடு படுக்கட்டும் என்று ராத்தா சொன்னதால் என் பாயில்தான் தூங்குகிறாள். "ம்மா", "மீ", "தா" சொல்கிறாள். "மீ" என்றால் மீன். எனக்கும் அதே பெயர்தான்.

மீன் பொடி அனுப்பியிருக்கிறேன். அதில் ஒரு பிழை நடந்துவிட்டது. சதையைப் பாயில் பரப்பிவிட்டுத் தொழப்போனேன். திரும்பி வருவதற்குள் உம்மா உப்பைப் போட்டுப் பிசைந்துவிட்டா.

"உப்புப் போட வேணாம் எண்டு மச்சான் எழுதினவர் உம்மா."

"அவர் ஆம்பிள. அவருக்கென்ன தெரியும்? உப்புப் போடாம ஆரும் கருவாடு காயப்போடுவாங்களா? புழு வைக்கும்."

"மச்சான் சும்மா எழுதல்ல, கொழும்பில உள்ள ஐயாதான் சொன்னவராம்."

"அப்ப அந்த ஐயா கருவாடு தின்னாத ஆள்."

உம்மாவோடு வாதாட எனக்கு ஏலாது. ஆகுமானால் எடுங்கள். ஆகாவிட்டால் எழுதுங்கள்.

ஸலாமுடன்,
நிஸா


கொழும்பு
20.5.1979

அன்பு மச்சி,

வஅலைக்குமுஸ்ஸலாம். நான் நல்ல சுகம். நீ எழுதாமல் விட்டதும் விளங்கியது. வெட்கப்பட ஒன்றுமில்லை, அல்லாஹ் தருவது. உன் ராத்தாவைப் பாரம் தூக்கவிடாதே.

உப்புப் பொடியைக் கண்டு குணரத்தினம் ஐயா கண்ணில் நீர் வரச் சிரித்தார். "இதைச் சோற்றில் போட்டுச் சாப்பிடலாம், குழாயில் போட ஏலாது" என்றார். அறையில் என்னோடு இருக்கும் லாபிர் அப்படியே செய்துவிட்டான். விரல் நீள மீன் மறுபடி வேண்டும். மடுவில் குஞ்சு பொரித்திருக்கும். இந்தமுறை உம்மா தொழும்போது காயவை.

ஒரு சின்னத் தொங்கு தராசு அனுப்புகிறேன். ஒவ்வொரு மீனையும் பச்சையாக நிறுத்து, நீளம் அளந்து எழுதி வை.

மகளுக்கு என் முத்தம்.

ஸுஹைர்


சூரங்கல்
15.7.1979

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நோன்பு நெருங்குகிறது. நோன்பு பிடித்துக்கொண்டு நீங்கள் அங்கே தனியாகச் சமைக்க வேண்டுமே என்று ராத்தா கவலைப்படுகிறா. இங்கு எல்லோரும் சுகம்.

கடிதம் பிந்தியதற்கு மன்னிக்கவும். போன மாதம் லைலாவுக்கு வயிற்றோட்டம். நாட்டு மருந்துப் பரிசாரியின் குளிசையில் நின்றுவிட்டது. உங்களுக்கு எழுத வேண்டாம், லீவு போட்டுவிட்டு ஓடிவந்தால் வேலைக்குப் பழுது என்று வாப்பா சொன்னார். இப்போது ஒன்றுமில்லை. வயிற்றுக்குப் பத்தியமாக மீன், முட்டை, பால் எல்லாம் நிறுத்தி, கூவை மாக் கஞ்சியும் சீனி போட்ட பிளேன்டீயும் கொடுக்கிறோம். மீன் கொடுத்தால் பூச்சி விழும், இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்கிறா உம்மா. இப்போது அவளால் ஒரு கரைச்சலும் இல்லை. வைத்த இடத்தில் இருக்கிறாள்.

தராசு வந்தது. மடு ஓரத்து வேம்பில் கட்டி நிறுக்கிறேன். மருத்துவமாது புஷ்பவதி அக்கா ராத்தாவைப் பார்க்க வந்தவ, நான் மீனைத் தொங்கவிட்டு இலக்கம் எழுதுவதைக் கண்டு நின்றுவிட்டா.

"என்ன நிஸா, மீனுக்குக் கிளினிக் நடத்திறீரோ?"

எனக்கு வெட்கம். "ஓம்" என்று மட்டும் சொன்னேன்.

"நல்லது. அப்பிடியே உங்கட லைலாவையும் ஒருக்காத் தொங்கவிடும், நான் எழுதிறன்."

உம்மா குசினியிலிருந்து ஓடிவந்தா. "என்ன கத இது? புள்ளைய நிறுக்கிறதா? நிறுத்த புள்ள இளைச்சிப் போகும்."

"மீன் மட்டும் இளைக்காதோ உம்மா?"

"மீனக் கண்ணூறு பாக்கிறவன் இல்ல."

புஷ்பவதி அக்கா சிரித்தா. ஆனாலும் போகும்போது, "வியாழக்கிழமை பிள்ளையைக் கிளினிக்குக் கொண்டு வாங்கோ, சும்மா பாக்கத்தான்" என்று இரண்டு தரம் சொன்னா. உம்மா லைலாவை முந்தானையால் மூடி உள்ளே தூக்கிக்கொண்டு போய்விட்டா. வியாழக்கிழமை நாங்கள் போகவில்லை.

லைலாவைப் பற்றி உங்களுக்கு ஒன்று எழுத ஆசையாக இருக்கிறது. நல்ல விஷயம்தான். உம்மா விடமாட்டா. நீங்கள் வரும்போது கண்ணால் காண்பீர்கள்.

உப்பில்லாத விரல் நீளப் பொடியும், உள்ளங்கை நீளப் பொடியும் இத்துடன் வருகின்றன. துணி போட்டுத் தைத்து அரக்கு வைத்திருக்கிறேன்.

துஆவுடன்,
நிஸா


கொழும்பு
8.8.1979

அன்பு மச்சி நிஸா,

வஅலைக்குமுஸ்ஸலாம். நோன்பு சுகமாகப் போகிறது. பொடி இரண்டும் அருமை என்றார் ஐயா. நீ எழுதிய இலக்கங்களைக் காட்டி, "இந்தப் பிள்ளை எதுவரை படித்தது?" என்று கேட்டார். எட்டு என்றேன். உன் தாளை அப்படியே தன் கோப்பில் வைத்துக்கொண்டார்.

விரித்த கை நீளத்துக்கு மீன் வந்ததும் அதையும் அனுப்பிவிட்டால் வேலை முடிந்தது. அதுவரை ஒரு மீனும் எடுக்காதே.

பெருநாளுக்கு லைலாவுக்கு மஞ்சள் சட்டை ஒன்று அனுப்பியிருக்கிறேன். கூட வேலை செய்பவரின் இரண்டு வயதுப் பிள்ளையை வைத்து அளவு எடுத்தது. கொஞ்சம் தொளதொளவென்றிருக்கும், பரவாயில்லை.

லைலாவைப் பற்றி என்ன நல்ல விஷயம்? நான் அவளுடைய வாப்பா இல்லையா? உம்மாவுக்குத் தெரியாமல் எழுது.

ஸுஹைர்


சூரங்கல்
2.9.1979

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்கள் இல்லாத பெருநாள் பெருநாளாகவே இல்லை என்று ராத்தா சொல்லச் சொன்னா. அவ சுகம். புஷ்பவதி அக்கா ஐப்பசி கடைசி என்று நாள் சொல்லியிருக்கிறா.

விரித்த கை நீள மீன் பன்னிரண்டு பிடித்து, பொடி அனுப்பிவிட்டேன். பெரிய மீனில்தான் சத்து எல்லாம் இருக்கும், சின்ன மீன் வெறும் தண்ணீர் என்று வாப்பா பந்தயம் கட்டுகிறார். ஐயாவின் கணக்கு வந்ததும் எழுதுங்கள். நீங்கள் சொன்னபடி இதுவரை மடுவிலிருந்து ஒரு மீனும் குசினிக்குப் போகவில்லை.

இனி நான் எழுதுவதை நீங்கள் பதில் கடிதத்தில் எழுதக் கூடாது. சட்டை லைலாவுக்குத் தொளதொளவென்று இல்லை. இறுக்கம். கைப் பக்கம் ஏறவேயில்லை. தையலைப் பிரித்துத் துணி வைத்துத் தைத்துப் போட்டேன். எங்கள் லைலா அப்படிக் கொழுத்துவிட்டாள், மச்சான். வயிற்றோட்டத்தில் கிடந்த பிள்ளை என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். கன்னம் இரண்டும் வீங்கின பணியாரம் மாதிரி. கால் மொழுமொழுவென்று கணுக்கால் எலும்பே தெரியாது. தலைமயிர் செம்பு நிறமாகி, வெள்ளைக்காரப் பிள்ளையைப்போல இருக்கிறாள். ஓடுவது, மண் எறிவது ஒன்றும் இல்லை. ராணி மாதிரி இருந்த இடத்தில் இருக்கிறாள். அழுவதே இல்லை.

இதை எழுதினேன் என்று தெரிந்தால் உம்மா என்னைக் கொன்றுவிடுவா. கடிதத்தில் எழுதினால் தபால்காரன் கண்ணும் படும், கடல் காற்றும் படும் என்பா. உங்களுக்கு மட்டும்தான்.

நிஸா


கொழும்பு
16.9.1979

என் அன்பு மச்சி,

வஅலைக்குமுஸ்ஸலாம். உன் கடிதத்தை நாலு தரம் வாசித்தேன். லாபிருக்கும் வாசித்துக் காட்டினேன். வேலை செய்யும் இடத்தில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். என் மகளுக்கு இரண்டு வயதுச் சட்டை இறுக்கமாம் என்று! நீ என்னைக் கோபித்துக்கொள்வாய். சந்தோஷத்தை வைத்துக்கொள்ள எனக்கு இங்கே வேறு இடமில்லை.

வேலை நிரந்தரமாகும் போலிருக்கிறது. ராத்தாவிடம் சொல்.

ஸுஹைர்


தந்தி
11.10.1979

லைலா மௌத். உடனே வரவும்.
அபூதாஹிர்


சூரங்கல்
2.12.1979

மரியாதைக்குரிய மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் மகன் முனாபுக்கு இன்று இருபத்திரண்டு நாள். ராத்தாவுக்குக் காய்ச்சல் இல்லை. ஏழாம் நாள் பெயர் வைத்து முடி இறக்கியாயிற்று. நீங்கள் லீவு எடுக்க ஏலாமல் போனதை எல்லோரும் விளங்கிக்கொண்டார்கள். வாப்பாவுக்கு முழங்கால் வலி. மழை விடவில்லை. மடு நிரம்பி, வயலோடு ஒன்றாகிக் கிடக்கிறது. மீன் எல்லாம் போயிருக்கும். நான் அந்தப் பக்கம் போவதில்லை.

இந்தக் கடிதத்தை உம்மா சொல்ல எழுதுகிறேன். ராத்தா ஒன்றும் சொல்லவில்லை. முனாபைப் பற்றி இதற்குமேல் எழுதக் கூடாது என்று உம்மா சொல்லிவிட்டா. நானும் எழுதமாட்டேன்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நஜ்முன் நிஸா


கொழும்பு
13.1.1980

அன்பு மச்சி நிஸா,

வஅலைக்குமுஸ்ஸலாம். இங்கு நான் இருக்கிறேன். அங்கு எல்லோரும் சுகமாக இருக்க அல்லாஹ் அருள்வானாக.

உன் கடிதத்தில் நீ எழுதாமல் விட்டது இந்தமுறை எனக்கு விளங்கவில்லை. போன கிழமை உன் வாப்பா அபூதாஹிர் மாமா ஆள் மூலம் சொல்லி அனுப்பினார். லைலாவைப் பற்றி எனக்கு நீ எழுதினாய், அதனால்தான் கண்ணூறு பட்டுப் பிள்ளை போனது என்று உன் ராத்தா ஸல்ஹா உன்னோடு கதைப்பதில்லையாம். நான் அடக்கத்துக்கு வந்து நின்ற மூன்று நாளும் நீ அறைக்குள்ளேயே இருந்ததற்குக் காரணம் அதுதானா? நான் உன் வெட்கம் என்று நினைத்தேன்.

இனி எழுதுவதை ஸல்ஹாவுக்கு உரக்க வாசித்துக் காட்டு. ஒரு வரியும் விடாதே.

ஐயாவின் கணக்கு முடிந்தது. விரல் நீள மீன், உள்ளங்கை நீள மீன், விரித்த கை நீள மீன், மூன்றிலும் அந்தக் கற்கள் ஏறக்குறைய ஒரே அளவு. பெரிய மீனில் கொழுப்புத்தான் கொஞ்சம் கூட. வாப்பா பந்தயத்தில் தோற்றுவிட்டார். ஐயாவுக்கு மிகுந்த சந்தோஷம். "பெரிய மீனை விற்கட்டும் ஸுஹைர், வீட்டுப் பிள்ளைக்கு விரல் நீள மீன் போதும்" என்றார். எந்தப் பிள்ளைக்கு என்று கேட்டேன். அப்போதுதான் சொன்னார். அடுத்த பிள்ளை வயிற்றில் வந்ததும் தாய்ப்பால் நிறுத்தப்படுகிற பிள்ளைகளுக்காகத்தான் இந்த ஆராய்ச்சி முழுவதுமாம். அவர்களுக்குக் கஞ்சியும் மாவும்தான் கிடைக்கும். வயிறு நிறையும், கல் கிடைக்காது. முதலில் விளையாட்டை விட்டுவிடும். பிறகு முகமும் காலும் ஊதும். தாய்மார் கொழுத்துவிட்டது என்று நினைப்பார்கள். விரலால் அமத்தினால் குழி விழும். மயிர் செம்பாகும். கடைசியில் அழக்கூட மாட்டாது. ஒரு சின்னக் காய்ச்சல் போதும் என்றார்.

நான் கழுவிக்கொண்டிருந்த குழாயைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன்.

மூன்று நாள் காய்ச்சலில் போனாள் என்று நீங்கள் எல்லோரும் சொன்னீர்கள். காய்ச்சல் இல்லை நிஸா. உன் கடிதமும் இல்லை. நீ ஒன்றுவிடாமல் எழுதியிருந்தாய். கால், கன்னம், மயிர், எல்லாம். தகப்பன் அதை வாசித்துவிட்டு ஊரெல்லாம் சொல்லிச் சந்தோஷப்பட்டான். அந்தக் கடிதத்தை ஒருநாள் ஐயாவின் மேசையில் வைத்திருந்தால் போதும். அவர் என் மேசையிலிருந்து பத்தடி தள்ளி இருப்பவர்.

மடுவில் ஒரு மீனும் எடுக்காதே என்று இரண்டு தரம் எழுதியவனும் நான்தான்.

நீ சுமக்கும் பழி உன்னுடையது இல்லை. ஸல்ஹா இதை அறியத்தான் வேண்டும். நீ வாசிக்காவிட்டால் அடுத்த மாதம் லீவில் வந்து நானே எல்லோர் முன்னாலும் சொல்வேன்.

ஸுஹைர்


சூரங்கல்
3.2.1980

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்கள் சாப்பிடுகிறீர்களா, தூங்குகிறீர்களா என்று கேட்க இந்தமுறை ஒருவரும் சொல்லித் தரவில்லை. நானாகத்தான் கேட்கிறேன்.

கடிதம் வந்தபோது ராத்தா மகனுக்குப் பால் கொடுத்துக்கொண்டு இருந்தா. என்னைப் பார்க்காமல் உம்மாவிடம், "என்ன எழுதியிருக்காராம்? கேளுங்க" என்றா. நான் வாசித்தேன். மீன் கணக்கு முடிந்தது, மூன்று அளவும் ஒன்று, வாப்பா தோற்றார், ஐயாவுக்குச் சந்தோஷம் என்று வாசித்தேன். வாப்பாகூடச் சிரித்தார். அதற்குக் கீழே உள்ளதை வாசிக்கவில்லை. கடைசியில் உங்கள் பெயரை வாசித்து மடித்துவிட்டேன்.

"இவ்வளவுதானா? ரெண்டு பக்கமும் எழுத்தா இருக்கே" என்றா உம்மா.

"எல்லாம் மீன்தான் உம்மா" என்றேன்.

மச்சான், உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். பெருநாள் கழிந்த மறுநாள் லைலாவின் புறங்காலை நான் விரலால் அமத்தினேன். குழி விழுந்தது. மெதுவாக நிரம்பியது. எனக்கு வேடிக்கையாக இருந்தது. பிசைந்த மாவில் விரல் வைத்ததுபோல. மறுபடி அமத்தினேன். "பார் லைலா, பார்" என்று அவளுக்கும் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். உங்களுக்கு ஒன்றுவிடாமல் எழுதினேன் என்கிறீர்கள். அதை மட்டும் எழுதவில்லை. அது விளையாட்டு என்று நினைத்து விட்டுவிட்டேன்.

என் கையால்தான் மீனை நிறுத்தேன். என் கையால்தான் கஞ்சி காய்ச்சினேன். பழி என்னுடையது இல்லை என்று நீங்கள் எழுதியதை நான் முழுவதும் நம்பவில்லை. அதற்காக அழவும் இல்லை. இப்போது யோசிக்க வேண்டியது அது இல்லை.

நீங்கள் லீவில் வந்து சொன்னால் என்ன நடக்கும்? லைலாவைப் பால் மறக்கடித்தது ராத்தா. என் பாயில் படுக்க அனுப்பியது ராத்தா. ஒரு மடு மீனை வாசலில் வைத்துக்கொண்டு என் பிள்ளை சாப்பாடில்லாமல் செத்தது என்று அவ அறிந்தால், பிறகு இந்தப் பிள்ளைக்கு எப்படிப் பால் சுரக்கும்? போன கிழமை முனாப் கொஞ்சம் அதிக நேரம் தூங்கிவிட்டான். மூக்கில் கை வைத்துப் பார்த்துவிட்டு ராத்தா அவனை உலுக்கி எழுப்பியதை நீங்கள் காணவில்லை.

ஆனால் தெரியாமலும் இருக்கக் கூடாது. அதனால் நீங்கள் இப்படிச் செய்யுங்கள். உங்கள் பெயரில் உம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். மகன் பிள்ளை, என் கட்டளை என்று கண்டிப்பாக எழுதுங்கள். ஆறு மாதத்திலிருந்து சின்ன மீனை அவித்து, முள் எடுத்து, சோற்றோடு பிசைந்து கொடுக்க வேண்டும், வயிற்றோட்டம் வந்தாலும் அதை அடியோடு நிறுத்தக் கூடாது, மாதம் ஒருமுறை புஷ்பவதி அக்காவிடம் நிறுக்க வேண்டும், கொழும்பு டொக்டர் சொன்னது என்று எழுதுங்கள். காரணம் எழுத வேண்டாம். ஆம்பிளைக்கு என்ன தெரியும் என்று உம்மா ஏசுவா. ஏசிக்கொண்டே செய்வா. செய்யாவிட்டால் நான் செய்வேன். கிளினிக்குக்கு நானே தூக்கிக்கொண்டு போவேன். வழியில் ஆட்கள் பார்ப்பார்களே என்று வெட்கப்படமாட்டேன். மழை வடிந்தபின் மடுவைப் போய்ப் பார்த்தேன். குஞ்சுகள் கொஞ்சம் மிச்சம் இருக்கின்றன. மறுபடி தவிடு போடுகிறேன். இந்தமுறை ஐயாவுக்கு இல்லை.

உங்கள் கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள். இதையும் நீங்கள் வைத்திருக்க வேண்டாம்.

லீவில் வாருங்கள். மகனைத் தூக்குங்கள். ராத்தாவோடு நன்றாகக் கதையுங்கள். என்னைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்லாதீர்கள். நான் கடிதம் எழுதியதால்தான் பிள்ளை போனது என்று அவ நினைக்கட்டும். எனக்கு ஏலும். என்னை ஏசிக்கொண்டு இருக்கும் மட்டும் ராத்தா தன்னை ஏசமாட்டா.

உங்கள் மச்சி,
நஜ்முன் நிஸா